வடசென்னைப் பாடகனுக்கு மேடை எங்கே?



இராயபுரத்தில் மீன்பிடி துறைமுகத்துக்குப் போகும் சாலையோரத் தேநீர்க் கடையொன்றில், இசையையே பிழைப்பாகக் கொண்ட நால்வர், வரும் நாள்களில் தமக்கு வாய்த்துள்ள நிகழ்ச்சிகளைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்ததை அண்மையில் உடனிருந்து கேட்டோம். "குந்துங்கண்ணே" என்று எமக்கும் இடம் ஒதுக்கித் தந்தனர். நால்வருள் ஒருவர், பெருவங்கியம் என நாம் கூறும் நாகசுரத்தை ஊதுபவர். ஒருவர் பறை முழக்குபவர். மற்றையிருவர் கானாப் பாடகர். ஆடித் திங்களில் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும்போது சில நாள் வேலையுண்டென்றும், அதற்கப்பால் மாசித் திருவிழா வரை எதுவும் உறுதியில்லையென்றும் பெருவங்கியக்காரர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். "உங்களுக்கு அடுத்த நிகழ்ச்சி எப்போது?" என்று இளைய பாடகரை வினவினோம். "எங்களுக்கு ஏதுண்ணே முன்கூட்டி நாளு? யார் வூட்டுல எப்ப சாவு வுயும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். மற்ற மூவரும் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு எழவில்லை.

தமக்குரிய அடுத்த அரங்கு எதுவென அறியப் பிறர் சாவுக்குக் காத்திருக்க வேண்டியவராக ஒரு கலைஞர் கூட்டத்தையே இந்நகரம் வைத்திருக்கிறது. இதே நகரத்தின் தென்பகுதியிலோ, திசம்பர் இசைவிழாவுக்குரிய நாளும் நாழிகையும் பல திங்கள் முன்னரே வரையறுக்கப் பெறுகின்றன. யார் எங்கே பாடுகிறார், யார் முழவு, யார் யாழ் என்பதெல்லாம் அச்சேறி விடுகின்றன. எந்த அரங்கின் உணவுக்கூடத்தில் எந்தச் சிற்றுண்டி நன்று என்பது வரை செய்தித்தாள்கள் எழுதித் தீர்க்கின்றன! வடசென்னைப் பாடகனுக்கோ அழைப்பிதழே இல்லை. இறந்தவர் படம் போட்ட சுவரொட்டியே அழைப்பிதழ். அவன் விடிய விடியப் பாட வேண்டியவன்; இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாதென 2000-ஆம் ஆண்டில் நடுவணரசு வகுத்த ஒலிமாசு நெறியோ அவன் பாட்டைத் தொடங்கும் வேளையிலேயே வந்து நிற்கிறது. காவலர் வந்தால் பாட்டு நிற்கும். பாட்டு நின்றால் பேசிய தொகையில் பாதிதான்.

இக் கலைஞர்க்காக நாம் ஏன் பேசவில்லை? நம் அன்பர் சிலர் வெளிப்படையாகவே கூறும் விடை: "அவர்கள் பாட்டில் பிறமொழிச் சொற்கள் மலிந்துள்ளன, 'கானா' என்னும் பெயரே வடக்கிலிருந்து வந்தது" என்பது. மலிந்துள்ளன என்பது உண்மையே. நாசுட்டா, பேசார் என்பனவெல்லாம் தமிழல்ல. துறைமுகத்தில் பன்மொழியாளரோடு தோளுரசி மூட்டை தூக்கியவன் நாவில் பன்மொழிச் சொற்கள் ஒட்டியதில் வியப்பென்ன? ஆனால் அவனைப் பார்த்து மூக்கைப் பிடிக்கும் மேட்டுக்குடி இசையரங்கின் சொற்பட்டியலைச் சற்றே புரட்டுங்கள். அரங்கு நடத்தும் அமைப்பு 'சபா', அது வடமொழி. பாட்டரங்கு 'கச்சேரி', அது உருதுவழி வந்த அலுவலகப் பெயர். வட்டாட்சியர் அலுவலகத்தையும் காவல் நிலையத்தையும் நம் பாட்டன்மார் அதே சொல்லால்தான் அழைத்தனர். இறுதியில் அரைமணி நேரம் பாடப்பெறும் சில்லறைப் பாட்டுகள் 'துக்கடா'. துண்டு என்னும் பொருளுடைய வடநாட்டுச் சொல். தமிழ்ப் பாட்டுக்குப் பெரும்பாலும் கிடைத்து வந்த இடம் அந்தத் 'துக்கடா' மூலைதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆக, மூட்டை தூக்குபவன் வாயில் வந்தால் கொச்சை. மேடையில் பட்டுடுத்தியவர் வாயில் வந்தால் கலைச்சொல்!

மேலும், அவ் வடசென்னைப் பேச்சில் நாம் போற்ற வேண்டிய பழந்தமிழும் உண்டு. 'குந்து' என்பது தமிழ். 'அப்பால' என்பது அப்பால். 'அவனாண்ட' என்பதில் உள்ளது அண்டை. 'இட்டுக்கினு' என்பது இட்டுக்கொண்டு. நகர்ப்புறத்துப் படித்தவர் நாவில் அருகிவிட்ட சொற்களைத் துறைமுகத்துச் சேரிகளும் குப்பங்களும் காத்து வைத்திருக்கின்றன. நெய்தல் நிலத்தவன் இன்றும் காற்றைக் கொண்டல் என்றும் வாடை என்றுமே அழைக்கிறான். அவனுக்கு எந்த அகரமுதலியும் தேவைப்படவில்லை.

சாவு வீட்டில் பாடுவது இழிவு என்பாரும் உளர். இறந்தோரை நினைந்து எஞ்சியோர் புலம்புவதைக் கையறுநிலை எனப் பெயரிட்டு இலக்கணத்துள் இடமளித்தது தொல்காப்பியம். புறநானூற்றில் அத்துறைப் பாடல்கள் பல. அவை வேந்தனையும் வள்ளலையும் பாடின. கானாவோ பாரவண்டி இழுத்தவனையும் வலை வலித்தவனையும் பெயர் சொல்லிப் பாடுகிறது. அது சங்கப் பாட்டின் நேர்வழிப் பேரன் என்று நிறுவ யாம் முற்படவில்லை. அதற்கு வேண்டிய சான்று எம்மிடம் இல்லை. செய்யும் பணி ஒன்றே என்பது மட்டும் கண்கூடு.

தமிழிசைக்காக நம் முன்னோர் பட்ட பாட்டை யாம் குறைத்து மதிப்பிடவில்லை. 1917-இல் ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்தசாகரத்தை வெளியிட்டார். 1941-இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்தது. 1946-இல் திருவையாற்றில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாட்டுப் பாடியதற்கு எழுந்த எதிர்ப்பு தமிழ்நாட்டையே கொதிக்க வைத்தது. அப்போராட்டத்தின் பயனாய் எழுந்த இராசா அண்ணாமலை மன்றம் நிற்பது எங்கே? மயிலையிலா? பாரிமுனையில்! இராயபுரத்தார் நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில்! ஆயினும், தேநீர்க் கடையில் யாம் கண்ட நால்வருள் ஒருவரேனும் அம்மன்றத்தில் ஏறிப் பாடியதுமில்லை, முழக்கியதுமில்லை. பெருவங்கியக்காரர் ஒருமுறை கேட்கச் சென்றாராம், அவ்வளவே. பாட்டின் மொழிக்காகப் போராடினோம். பாடுகிறவன் யார் என்று கேட்க மறந்தோம்.

திருவொற்றியூரை எண்ணும்போது இம் மறதி இன்னும் உறுத்துகிறது. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பண்ணோடு பாடிய ஊர் அது. சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், மகிழ மரத்தடியில் உறுதிமொழி தந்ததும் அங்கேதான். மாசி விழாவில் அந்நிகழ்ச்சியை இன்றும் நடத்திக் காட்டுகின்றனர். சோழ வேந்தன் இரண்டாம் இராசாதிராசன் பங்குனித் திருவிழாவில் அக்கோயிலில் அமர்ந்து, சுந்தரர் வரலாற்றைப் படிக்கக் கேட்டதைக் கல்வெட்டு கூறுகிறது. பட்டினத்தார் அடங்கிய இடமும் அவ்வூர்க் கடற்கரையே. ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த வள்ளலார் அங்கே நடந்து நடந்து சென்று வடிவுடையம்மையைத் தமிழில் பாடினார். அதே அம்மையைத் தியாகராசர் தெலுங்கில் பாடினார்; 'திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம்' என அப் பாட்டுகள் ஐந்தும் இசையரங்குகளில் பெயர்பெற்று விளங்குகின்றன. தம் தாய்மொழியில் பாடியது அவர் குற்றமன்று. ஒற்றியூர் என்றதும் அவ் வைந்தை மட்டும் நினைவுகூரும் இசையுலகத்தை நாம் கேள்வி கேட்காதிருந்ததே குற்றம்.

அண்மையாண்டுகளில் சில கதவுகள் திறந்துள்ளன. 2017 சனவரியில் டி. எம். கிருட்டிணா, எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பலுக்கும் புகைபோக்கிகளுக்கும் நடுவே நின்று, கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாட்டைச் சென்னைப் பேச்சுத் தமிழிலேயே பாடினார். ஊர்ப்பொது நிலத்தைக் குறித்த நல்ல தமிழ்ச்சொல் வசைச்சொல்லாகிப் போனதை அப்பாட்டு நிமிர்த்தியது. 2018 சனவரி 6-ஆம் நாள் கீழ்ப்பாக்கத்தில், பா. இரஞ்சித்தின் முயற்சியால் உருவான இசைக்குழு கானாவையும் பறையையும் பெருமேடையில் ஏற்றிச் சாதியை எதிர்த்துப் பாடியது. அக்குழு 'காசுட்லெசு கலெக்டிவு' என ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டது எமக்கு வருத்தமே; ஆயினும் தூய தமிழ்ப் பெயர் தாங்கிய நம் அமைப்புகளுள் எதுவும் அவ் வேலையைச் செய்யவில்லை என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அக்குழுவில் பாடிய வடசென்னை மகள் இசைவாணியை 2020-இல் பி.பி.சி. உலக மகளிர் நூற்றுவருள் ஒருவராகத் தேர்ந்தது. பெரும்பாலும் ஆடவரே பாடிவந்த துறையில் பெண்ணொருத்தி எழுந்ததை இலண்டன் கண்டது. நம் இதழ்களில் எத்தனை கண்டன? அவ்வாண்டு திசம்பரிலேயே 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. அரசும், 2007-இல் தொடங்கி இடையில் நின்ற சென்னைச் சங்கமத்தை 2023 முதல் பொங்கலையொட்டி நடத்துகிறது. நன்று. ஆனால் பொங்கலுக்கு நான்கு நாள் மேடை தந்துவிட்டு எஞ்சிய நாள்களுக்குச் சாவு வீட்டைக் காட்டுவது போதுமா?

எனவே அன்பர்களைக் கேட்டுக்கொள்வது இது. உங்கள் வீட்டுத் திருமணத்துக்கும் புதுமனை புகுதலுக்கும் தொழிற்சங்க ஆண்டு விழாவுக்கும் இக்கலைஞரை அழையுங்கள். அழைப்பிதழில் அவர் பெயரை அச்சிடுங்கள். பாட்டரங்கு என்றே அச்சிடுங்கள். பேசிய தொகையில் பாதியை நாள் குறிக்கும்போதே கையில் கொடுங்கள். பாட்டில் வரும் பிறமொழிச் சொற்களைப் பற்றி அவரோடு பேச விரும்பினால், அதற்கப்பால் பேசுங்கள். பசித்தவனிடம் சொல்லாராய்ச்சி நடத்தப் போய் நம் இயக்கத்தார் சிலர் பட்ட மூக்குடைப்பு யாம் அறிந்ததே.

அன்றே அந்நால்வரிடமும் ஒரு நாள் பேசி முடித்தோம். வரும் மாசியில், மகிழடி விழாவுக்கு மறுநாள் மாலை, திருவொற்றியூரில் பந்தலிட்டு, ஓதுவார் ஒருவர் ஒற்றியூர்ப் பதிகத்தைப் பண்ணோடு பாட, பின்னர்ப் பெருவங்கியமும் பறையும் கானாவும் முழங்குவதென்பது முடிவு. பத்து மணிக்குள் முடித்துவிடலாம். இளைய பாடகருக்கு முன்பணம் கொடுத்தோம். உயிரோடிருப்பவர்க்குப் பாட என்ன பாட்டு எடுப்பது என்று அவர் அங்கேயே நண்பரோடு பேசத் தொடங்கிவிட்டார். மற்ற மூவர்க்கும் முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பொருள் வேண்டும். இயன்றோர் ஆடி முடிவதற்குள் தெரிவித்து உதவுக.