பக்கி வண்டிக்கு எந்த ஷாக்?

பொறியியல் கல்லூரிகளில் பிள்ளைகள் தாங்களே இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்து, மேடு பள்ளத்தில் ஓடுகிற ஒற்றை ஆள் வண்டி ஒன்றைக் கட்டுகிறார்கள். அதற்குப் ‘பக்கி’ என்று பெயர். (நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். போகட்டும்.) எல்லாம் ‘பாஹா’ என்ற போட்டிக்காக. அமெரிக்காவில் 1976-இல் மாணவர்களுக்காகத் தொடங்கிய போட்டி இது. இந்தியாவில் 2007 முதல் எஸ்.ஏ.இ. இந்தியா என்ற அமைப்பு நடத்துகிறது. இந்தூருக்குப் பக்கத்தில் பீதம்பூரில் கல்லும் குழியுமான பாதையில் நான்கு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். நல்ல காரியம்தான். புத்தகத்தைக் கட்டி அழுவதைவிட ஸ்பானர் பிடிப்பது மேல்.

என் சண்டை, அந்த வண்டியின் பின் ஷாக்குக்காக வீட்டுக்கு வரும் கடிதத்தோடு.

என் பேரனும் ஒரு குழுவில் இருக்கிறான். எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. ‘வெளிநாட்டு ஏர் ஷாக் வாங்குவதற்காக’ ஒவ்வொரு பிள்ளையும் 15,000 ரூபாய் கொண்டுவர வேண்டுமாம். ஒரு ஜோடியே அரை லட்சத்தைத் தாண்டுகிற சரக்கு. அவன் கூட்டாளி ஒருவனின் அப்பா பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் ஏற்றி இறக்குகிறவர். அவர் அந்தப் பணத்துக்கு வட்டிக்குத்தான் போக வேண்டும். ‘ஏம்ப்பா, பல்சர் ஷாக்கைப் போட்டால் என்ன?’ என்று பேரனைக் கேட்டேன். ‘போன வருஷம் போட்டாங்க தாத்தா, அடியோட உக்காந்துடுச்சு. சார் சீப் ஷாக் வேணாம்னுட்டாரு’ என்றான்.

அந்த ‘சீப் ஷாக் வேணாம்’ என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மறுக்கிறேன்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் ‘ஷாக் அப்சார்பர்’ என்று வைத்தார்கள். அதைப் பார்த்து நாமும் ‘அதிர்வு தாங்கி’ என்று ஆக்கிக்கொண்டோம். பாதிக் குழப்பம் இந்தப் பெயரால் வந்தது. அதிர்வைத் தாங்குவது வெளியே சுற்றியிருக்கும் சுருள் ஸ்பிரிங். உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழாய் வேறு வேலைக்காரன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். அங்கே ஸ்பிரிங்குக்கு ‘ரெசோர்’ என்று ஒரு சொல், எண்ணெய்க் குழாய்க்கு ‘அமோர்த்திசர்’ என்று இன்னொரு சொல். ‘மோர்’ என்றால் சாவு. அமோர்த்திசர் என்றால் துள்ளலைச் சாகடிப்பது. ஸ்பிரிங் அமுங்கி, மறுபடி எழும்பி, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். அந்த ஆட்டத்தை ஒன்றிரண்டு முறையில் அடக்குவது இவன் வேலை.

திருவதிகைக்காரர்களுக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். முப்புரம் எரிக்கத் தேரேறி வந்தவர் ஊர் அல்லவா இது. வடம் பிடிக்க ஆயிரம் கை வரும்; சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட நாலு பேர்தான். அந்த நாலு பேர் இல்லாத தேரை எந்தச் சந்நிதித் தெருவிலும் இழுக்க விட மாட்டார்கள். அமோர்த்திசர் அந்த முட்டுக்கட்டை. (ஈசன் ஏறிய தேருக்கே அச்சிறுபாக்கத்தில் அச்சு இற்றது என்கிறார்கள். வண்டி கட்டுகிற பிள்ளைகள் மனம் தளர வேண்டாம்.)

சரி, போன வருடத்து ஷாக் ஏன் அடியோடு உட்கார்ந்தது? பேரனிடம் அளவு கேட்டு, பழைய நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வண்டி 170 கிலோ, ஓட்டுகிறவன் 70 கிலோ, ஆக 240. எஞ்சின் பின்னால் இருப்பதால் நூற்றுக்கு 60 பங்கு பின்பாரம்: 144 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 72. மோட்டார் சைக்கிளில் கணவன், மனைவி, நடுவில் ஒரு பிள்ளை, கூடவே அரிசி மூட்டை என்று போகிற நாட்டில், 72 கிலோவை ஒரு பைக் ஷாக் தாங்காது என்று எப்படிச் சொல்வது?

கோளாறு அதை மாட்டிய இடத்தில். பைக்கில் ஷாக்கின் கீழ்முனை பின் அச்சுக்கு அருகிலேயே நிற்கும். இந்தப் பிள்ளைகள் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் நட்ட நடுவில் மாட்டியிருக்கிறார்கள். நெம்புகோல் கணக்கு பள்ளிக்கூடத்துப் பாடம்தான். நடுவில் மாட்டினால் ஷாக்கின் மேல் பாரம் இரண்டு மடங்கு; அதோடு சக்கரம் 2 அங்குலம் எழும்பினால் ஷாக் 1 அங்குலம்தான் அமுங்கும். இரண்டும் சேர்ந்து, சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங்கின் பலம் கால் பங்காகிவிடுகிறது. பாதியாகும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம், கால் பங்கு.

ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ கேட்கிற ஸ்பிரிங், 80 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள ஷாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் அருகே மாட்டினால் 72 கிலோவுக்கு 36 மில்லிமீட்டர் இறங்கும். குழி விழுந்தால் இறங்க இன்னும் 44 மிச்சம். நடுவில் மாட்டினால் சக்கரத்தின் ஓட்டம் 160 ஆகும், ஆனால் வண்டி நிற்கும்போதே 144 இறங்கிவிடும். மிச்சம் 16. முதல் கல்லிலேயே ‘டங்’ என்று உட்காராமல் என்ன செய்யும்? இரண்டு பற்றவைத்த காதுகளை வெளிப்பக்கம் நகர்த்தினால் தீர்கிற நோய்க்கு அரை லட்சத்தில் மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அழகுக்காக ஷாக்கைப் படுக்கைவாட்டில் மாட்டுவதும் உண்டு. சாதாரண பைக் ஷாக்கில் குழாய்க்குள் குழாயாக எண்ணெயும் காற்றும் சேர்ந்தே இருக்கும். படுக்க வைத்தாலோ தலைகீழாக்கினாலோ வால்வுக்குள் காற்று புகுந்து, அடக்கும் வேலை நின்றுவிடும். அதற்குக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

இந்தப் பக்கம் இப்படி என்றால், எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம். ‘பழைய இரும்புக் கடையில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் சார்’ என்பவர்கள். இவர்களிடமும் எனக்குச் சண்டைதான். முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் மூன்று விலைப்புள்ளி வாங்கி ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தவன் நான். குறைந்த விலையை ஏற்பது விதி. ஆனால் மூன்று பேரும் ஒரே விவரக்குறிப்புக்கு விலை சொல்லியிருக்க வேண்டும். எண்ணெய் வற்றிய ஷாக், ஷாக்கே அல்ல. அது கம்பியில் கோர்த்த ஸ்பிரிங். அதை மலிவு என்று கணக்கில் எழுதினால் தணிக்கைக்காரர் சும்மா விடமாட்டார்.

பழையதுதான் வாங்க முடியும் என்றால், கடைக்காரரிடம் சொல்லி ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்லுங்கள். அதற்கென்று உள்ள கருவியால் அவரே கழற்றட்டும். அமுங்கிய ஸ்பிரிங் விரலைப் பதம் பார்த்துவிடும். பிறகு தண்டைக் கையால் அழுத்துங்கள். நிதானமாக, ஒரே சீராக இறங்க வேண்டும். இழுக்கும்போது அதைவிடக் கனமாக வர வேண்டும். எழும்புவதை அடக்குவதுதான் முக்கிய வேலை. இடையில் ‘லொடுக்’ என்று விடுபட்டாலோ, தண்டில் எண்ணெய் ஈரம் இருந்தாலோ, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடலூரிலோ பண்ருட்டியிலோ உதிரிபாகக் கடையில் சாதாரண பைக்குக்குப் புது ஜோடி இரண்டு மூவாயிரத்துக்குள் கிடைக்கும்போது இந்தச் சூதாட்டம் எதற்கு?

நான்கு மணி நேர ஓட்டத்தில் சிறிய ஷாக் சூடேறி எண்ணெய் நுரைக்கும் என்பது உண்மை. வாயு நிரப்பியதாகப் பார்த்து வாங்குங்கள், அதுவும் நம் நாட்டுச் சரக்கிலேயே இருக்கிறது. சக்கரம் தொங்கும்போது ஷாக்கே அதைச் சுமக்காதபடி ஒரு பட்டை வாரைக் கட்டுங்கள். பழைய காரின் சீட் பெல்ட் போதும்.

மலிவாகச் செய்தால் மட்டம் என்கிறவர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்களின் சித்ரோயன் ‘தோ ஷ்வோ’வைக் காட்டுகிறேன். எங்கள் பிரெஞ்சு வாத்தியாருக்கு அந்தக் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மணியடிப்பது காதில் விழாது. குடியானவர்களுக்கான கார் வேண்டும் என்று பியேர் பூலாஞ்சே போட்ட நிபந்தனை: ஒரு கூடை முட்டையோடு உழுத வயலைக் கடந்தாலும் ஒரு முட்டை உடையக்கூடாது. 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்கள். 375 சிசி எஞ்சின், 9 குதிரைத்திறன். நம் பிள்ளைகளின் பக்கிக்கே 10. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் பக்கத்துக்கு ஒரு உருளைக்குள் இருந்த ஸ்பிரிங்குகளால் இணைத்தார்கள். எல்லாம் எளிய இரும்பு வேலை. பணம் இல்லாததால்தான் யோசித்தார்கள்.

இந்தப் போட்டியிலேயே செலவுக் கணக்குக்கும் வடிவமைப்பை விளக்குவதற்கும் மதிப்பெண் உண்டு என்று பேரன் சொல்கிறான். அப்படியானால் விலையுயர்ந்த ஷாக்கை மாட்டிவிட்டு, ஏன் என்று நடுவர் கேட்டால் ‘சார் சொன்னாரு’ என்பதற்கு எத்தனை மதிப்பெண்?

கல்லூரிக்கு இந்த வாரம் கடிதம் எழுதியிருக்கிறேன். பணம் தர மறுக்கவில்லை. மூன்று வகை ஷாக், மூன்று விலை, ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் மாட்டுவது, அங்கே சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்ற பத்தி, இவை கொண்ட ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்றைப் பிள்ளைகள் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கடைசிப் பத்தி காலியாக வந்தால், கோப்பைத் திருப்பி அனுப்புவது எனக்குப் பழகிய வேலைதான்.