கை தைக்கட்டும், ஒருவர் வாசிக்கட்டும்

பாடசாலை ஆண்டு பிறக்கும்போது எழுவைதீவின் மாணவர் வீடுகளுக்கு அரசாங்கத்திடமிருந்து இரண்டு பொருட்கள் கடல் கடந்து வருகின்றன. ஒன்று இலவசப் பாடநூல், மற்றது சீருடைத் துணி. பாடநூல் 1980 தொடக்கமும் துணி 1993 தொடக்கமும் கொடுக்கப்படுகின்றன. இடையில் சில வருடம் துணிக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு பழையபடி துணிக்கே திரும்பிவிட்டார்கள். தைத்த உடுப்பாக இல்லாமல் வெறும் துணியாக வருவதால் யாரோ ஒருவர் அளவெடுத்து, வெட்டி, தைத்து, தெறி வைத்தாக வேண்டும். புத்தகத்துக்கும் யாரோ ஒருவர் பழைய கலண்டர்த் தாளில் உறை போட்டாக வேண்டும். படிக்கிற பிள்ளை உள்ள வீடுகளில் அந்தக் கிழமை ஊசியும் புத்தகமும் ஒரே பாயில் கிடக்கும். உறை போட்டு முடிந்ததும் புத்தகம் பிள்ளையின் பைக்குள் போய்விடும். அதன் பிறகு அது பரீட்சைக்கான பொருள், வீட்டுக்கான பொருள் அல்ல. அந்த ஒரு கிழமைச் சேர்க்கையை வருடம் முழுவதற்கும் நீட்டலாம் என்பதே இங்கு என் வாதம். சிறு தீவொன்றில் வாசிப்பை வளர்க்கப் புதிய கட்டடம் எழும்பும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கைவேலை நடக்கும் வீட்டு விறாந்தையில் ஒருவர் உரக்க வாசித்தால், வாசித்த புத்தகம் அடுத்த வீட்டுக்கு இரவல் போனால், அதுவே போதுமான தொடக்கம்.

எழுவைதீவு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பனந்தீவு. ஊர்காவற்றுறையிலிருந்து படகில்தான் போக வேண்டும். சோளகம் கடுமையாக வீசும் நாட்களிலும், மார்கழி மழையோடு கடல் குழம்பும் நாட்களிலும் பயணம் நிச்சயமில்லை. தொழிலுக்குப் போகிறவர்களும் கரையிலேயே நின்றுவிடுவார்கள். அப்படியான நாளில் தீவக வீடு சும்மா இருப்பதில்லை. வலை பொத்துவார்கள், ஓலையில் பெட்டி இழைப்பார்கள், பிள்ளைகளின் சட்டைக்கு ஒட்டுப் போடுவார்கள். தையலை நான் இந்த விரிந்த பொருளில்தான் கொள்கிறேன். கையும் கண்ணும் வேலையில் இருக்க, காது மட்டும் வேலையின்றி இருக்கும் தொழில்கள் எல்லாம் இதில் அடங்கும். அந்தக் காதுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

எல்லாத் தையலும் வாசிப்புக்கு இடம் தராது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். துணி வெட்டும்போது பேச்சுக்கூட ஆகாது; ஓர் அங்குலம் பிசகினால் அந்த வருடத்துச் சீருடை போயிற்று. மெசின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. ஆனால் கரை மடித்துக் கைத்தையல் போடும் வேலை அப்படியல்ல. பாடசாலைச் சட்டையின் கரையை அகலமாக உள்ளே மடித்து விடுவது நம் தாய்மாரின் சிக்கனம். பிள்ளை வளர வளரப் பழைய தையலைப் பிரித்து, மடிப்பை இறக்கி, மறுபடி தைக்கலாம். உள் மடிப்பிலிருந்து ஊசி மேல்துணியில் ஓரிரு இழையை மட்டும் தொட்டுத் திரும்ப வேண்டும். வெளியே தையல் தெரியக்கூடாது. விரல் பழகிவிட்டால் மனம் தேவைப்படாத வேலை இது. ஒரு சட்டையைச் சுற்றி முடிக்கிற நேரத்தில் ஒரு சிறுகதையை நிதானமாக வாசித்துவிடலாம். தெறி வைப்பது, கொக்கி மாற்றுவது, வலையில் அறுந்த கண்ணைப் பொத்துவது எல்லாம் இந்த வகைதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த யோசனையும் அல்ல. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையையோ தொடர்கதையையோ உரக்க வாசிக்க, மற்றவர்கள் புகையிலையைச் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் கண்டிராத தொழிலாளர் பலர் நாட்டு நடப்பையும் இலக்கியத்தையும் அறிந்துகொண்டது அங்கேதான். உலகின் மறுகோடியில், ஹவானாவின் சுருட்டு ஆலைகளில் 1865இலேயே இந்த வழக்கம் தொடங்கிவிட்டது. அங்கே வாசிப்பவருக்குத் தொழிலாளரே தங்கள் கூலியிலிருந்து பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்கள் விரும்பிக் கேட்ட டூமாவின் நாவலிலிருந்துதான் மொன்டே கிறிஸ்டோ என்ற சுருட்டுக்குப் பெயர் வந்தது. நம் கோயில்களில் இதைவிடப் பழைய மரபு ஒன்று உண்டு. கந்தபுராணப் படிப்பில் ஒருவர் செய்யுளை வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்வார், சபை கேட்கும். புத்தகம் ஒருவர் கையில் இருந்தாலும் வாசிப்பு எல்லோருக்கும் உரியது என்ற எண்ணம் இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் புராணத்தோடு நிறுத்திக்கொண்டோம் என்பதுதான் குறை.

இந்த இடங்களில் பெரும்பாலானவை ஆண்களின் இடங்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. சுருட்டுக் கொட்டிலில் இருந்தவர்கள் ஆண்கள். ஊருக்கு ஊர் எழுந்த சனசமூக நிலையங்களின் வாசிகசாலைகளிலும் மாலை வேளையில் வாங்கில் அமர்ந்து பத்திரிகை பிரித்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. கதவு யாருக்கும் மூடியிருக்கவில்லை; ஆனாலும் பெண்கள் அங்கே போய் உட்காரும் வழக்கம் வளரவில்லை. அவர்கள் வாசித்தது வீட்டில். அந்த வாசிப்புக்கு ஊசியே துணை நின்ற கதை ஒன்று தமிழ் வீடுகளுக்குப் பொதுவானது. 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது, கிழமைக்குக் கிழமை அந்தப் பக்கங்களைக் கழற்றி எடுத்து வைத்தார்கள். தொடர் முடிந்ததும் தாள்களை ஒழுங்காக அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, கோணியூசியில் முறுக்கு நூல் கோத்துத் தைத்து, தடித்த அட்டை ஒட்டினார்கள். விற்பனைக்கு வராத அந்தத் தொகுதிகள் வீடு வீடாக இரவல் போயின. ஒரு தொகுதியைப் பல குடும்பங்கள் வாசித்தன. புத்தகம் வாங்கப் பணமில்லாத வீடு தானே புத்தகம் செய்துகொண்டது. இதைவிட உறுதியான சான்று என் வாதத்துக்குத் தேவையில்லை.

வீட்டிலிருந்து இரவல் கொடுப்பது சின்ன விடயம் என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பிறப்பை நினைத்துப் பார்க்கட்டும். க. மு. செல்லப்பா 1933இல் தம் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருடம், 1934 ஆகஸ்டில், ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடும் சில பத்திரிகைகளோடும் நூலகம் திறக்கப்பட்டது. 1981 ஜூன் முதலாம் திகதி விடிவதற்குள் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. எரிந்ததன் பெருமையையும் துயரத்தையும் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அது ஒரு வீட்டு அலுமாரியிலிருந்து எழுந்தது என்பதைப் போதிய அளவு பேசவில்லை. தீவகம் இந்த இழப்பை இன்னொரு விதத்திலும் அறியும். தொண்ணூறுகளின் தொடக்க இடப்பெயர்வில் தீவக வீடுகள் வெறிச்சோடின. புங்குடுதீவின் கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' என்று தம் தொகுதிக்குப் பெயரிட்டது அந்த வெறுமையை வைத்துத்தான். ஆளில்லாத வீட்டில் கூரை போனால் அலுமாரியும் போகும். மீளக் குடியேறியவர்கள் கிணற்றையும் வேலியையும் திருத்தினார்கள். புத்தகத் தட்டை நிரப்ப யாரும் திட்டம் போடவில்லை.

இனி மறுப்புகள். முதல் மறுப்புப் பெண்ணியப் பக்கத்திலிருந்து வருகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. தையல் என்பது பெண்ணை வீட்டுக்குள் இருத்தும் கருவி. அதைப் புத்தகத்தோடு சேர்த்து அழகுபடுத்துவது பழைய கூண்டுக்குப் புது வர்ணம் பூசுவது என்பார்கள். வரலாறு இதைவிடச் சிக்கலானது. 1824இல் அமெரிக்க மிஷனரி ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய காலத்தில், எழுத்தும் வாசிப்பும் குடும்பப் பெண்களுக்கு ஆகாது என்ற எண்ணம் இங்கே வலுவாக இருந்தது. அங்கே எழுத்தோடு தையலும் கற்பிக்கப்பட்டது. தையலுக்குப் பெற்றோர் மறுப்புச் சொல்லக் காரணம் குறைவு. அதன் கூடவே எழுத்தும் வீட்டுக்குள் நுழைந்தது. இன்னொன்று, ஒரே தையல் மெசின் இரண்டு விதமான வாழ்க்கையைத் தரும். இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தியே 1924இல் சிங்கர் மெசினுக்கு விலக்குக் கொடுத்தார். அது வீட்டுப் பெண்ணின் உழைப்பைக் குறைக்கப் பிறந்தது என்பது அவர் காரணம். அதன் பெரிய உறவான ஆலை மெசினில் தைக்கும் பெண்ணுக்கு மணிக்கு இத்தனை என்ற இலக்கு நிற்கிறது. அவள் காது அவளுக்குச் சொந்தமில்லை. ஆகவே பிரச்சினை ஊசியில் இல்லை, நேரம் யாருடையது என்பதில் இருக்கிறது. வீட்டில் தைக்கிறவளுக்கு ஆண் ஒருவர் வாசித்துக் காட்டட்டும்; வலை பொத்துகிற ஆணுக்குப் பெண் வாசித்துக் காட்டட்டும். மகனும் தெறி வைக்கப் பழகட்டும். கூண்டு என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே சரியான பதில்.

இரண்டாவது மறுப்பு, கைபேசி இருக்கும்போது உரக்க வாசிப்பது எதற்கு என்பது. ஒலிப்புத்தகம் கேட்கலாம், யூடியூப்பில் கதை கேட்கலாம். உண்மைதான், ஒன்றும் கேட்காமல் இருப்பதைவிட அது மேல். காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் எடுக்கும் கலப்புத் திட்டம் வந்த தீவு எழுவைதீவு. கைபேசிக்கு மின்னேற்ற அங்கே வழியில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பதிவு செய்த குரல் கேள்வி கேட்டால் நிற்காது. வீட்டில் வாசிப்பவர் ஒரு சொல்லில் தடுக்கினால் ஆச்சி விளக்குவார். பாத்திரம் ஒன்று பிழை செய்தால் தைத்துக்கொண்டிருப்பவர் ஊசியை நிறுத்தி வழக்குப் பேசுவார். கந்தபுராணப் படிப்பில் பயன் சொல்பவர் செய்த வேலையை இங்கே வீடு முழுவதும் செய்யும். இன்னொரு பயனும் உண்டு: வாசிக்கும் பிள்ளைக்கு உச்சரிப்பும் நிறுத்தமும் திருந்தும். ஆழமான வாசிப்பு தனிமையில்தான் நடக்கும் என்பாரும் உண்டு. அதை மறுக்கவில்லை. தனிமையில் வாசிக்கத் தூண்டுவதே கூட்டாகக் கேட்ட கதைதான். பாதியில் நிறுத்திய அத்தியாயத்தை இரவில் இரகசியமாக எடுத்து வாசிக்காத பிள்ளை உண்டா?

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: இரவல் போன புத்தகம் திரும்பி வராது. நகரத்தில் இந்தப் பயம் சரியானது. சில நூறு பேர் வாழ்ந்து, படகில் மட்டுமே வெளியேறக்கூடிய தீவில் ஒரு புத்தகம் எவ்வளவு தூரம் போய்விடும்? ஒரு கொப்பியில் பெயரும் திகதியும் எழுதினால் போதும். உண்மையில் உப்புக் காற்றும் கறையானும் பூட்டிய அலுமாரியில் செய்யும் சேதம், இரவல் வாங்கியவர் செய்யும் சேதத்தைவிட அதிகம். கை மாறும் புத்தகத்தில் கறையான் ஏறாது. கட்டுக் கழன்று வந்தால் ஊசி இருக்கிற வீடுதானே, தைத்துக் கொள்ளலாம்.

கடைசி மறுப்பு மிகக் கனமானது. வீட்டிலேயே வாசியுங்கள் என்றால் அரசாங்கமும் பிரதேச சபையும் தங்கள் பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்ளாதா? நழுவப் பார்ப்பார்கள், விடக் கூடாது. ஆனால் கேட்கும் மக்கள் இருந்தால்தான் கொடுக்கும் கடமை உறைக்கும். செல்லப்பாவின் வீட்டுக்கு வாசகர் வந்ததால்தான் ஆஸ்பத்திரி வீதி அறை வந்தது, அறை நிரம்பியதால்தான் மாளிகை வந்தது. கேட்க வேண்டியதும் பெரிதல்ல. நூலகம் ஒன்றிலிருந்து மாதம் ஒருமுறை இருபது முப்பது நூல்கள் கொண்ட பெட்டி படகில் வந்து, பழைய பெட்டி திரும்பிப் போக வேண்டும். போருக்குப் பிந்திய காலத்தில் வடக்கெங்கும் வாழ்வாதார உதவி என்று பெண்களுக்குத் தையல் மெசின்கள் கொடுத்தார்கள். ஒவ்வொரு கையளிப்புக்கும் புகைப்படம் பிடித்தார்கள். அந்த மெசினோடு ஒரு புத்தகக் கட்டையும் சேர்த்துக் கொடுக்க அதிகம் செலவாகியிருக்காது.

எதை வாசிப்பது என்று தடுமாற வேண்டியதில்லை. நெடுந்தீவைக் களமாக வைத்துச் செங்கை ஆழியான் எழுதி, 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த 'வாடைக்காற்று' தீவக விறாந்தைக்கென்றே எழுதியது போல் இருக்கும். கடலும் காற்றும் வாடியும் அதில் கதாபாத்திரங்கள். டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' இன்னொன்று. சிகை திருத்தும் தொழிலைச் செய்துகொண்டே எழுதியவர் அவர். 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி நாற்பது வருடங்களுக்கு மேல் நடத்தியவர். கைத்தொழிலும் இலக்கியமும் ஒரே கூரையின் கீழ் வாழும் என்பதற்கு அவர் வாழ்க்கையே அத்தாட்சி. கடையில் கிடைக்காத ஈழத்து நூல்களைத் தேடுகிறவர்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இருக்கிறது. கரம்பொன்னில் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகளைத் தந்த தீவகத்துக்குப் புத்தகம் அந்நியமானது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். தீவில் இருப்பவர்களுக்கு: அடுத்த முறை படகு ஓடாத நாளில் வலையோ சட்டையோ மடியில் இருக்கும்போது, வாசிக்கத் தெரிந்த ஒருவரை வேலையிலிருந்து விடுவித்து அவர் கையில் ஒரு கதையைக் கொடுங்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது, நீங்கள் வாசித்து முடித்த இரண்டு நல்ல தமிழ்ப் புத்தகங்களைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள், போகும்போது திருப்பிக் கேட்காதீர்கள்.