ரெண்டு வாழைப்பழத்தில் தீராத கணக்கு

திருச்சி காந்தி மார்க்கெட்டில் பூவன் தாரும் ரஸ்தாளித் தாரும் குவிந்து கிடக்கும். காவிரிக் கரையில் ஜீயபுரம், முசிறி, தொட்டியம், கொள்ளிடத்தைத் தாண்டினால் லால்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் வாழைத் தோப்பு. 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தாயனூரில் இயங்குகிறது. இப்படிப்பட்ட ஊரில் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பொட்டாசியம் 3.0 என்று வந்துவிட்டால் ஸ்ரீரங்கத்துத் திண்ணையில் என்ன சொல்வார்கள்? "தினம் ரெண்டு வாழைப்பழம் சாப்பிடுங்கோ மாமி, சரியாப் போயிடும்."

அன்பாகச் சொல்வதுதான். ஆனால் கணக்குப் போட்டால் நிற்காது.

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். உடலிலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள்ளே இருக்கிறது. பரிசோதனைச் சீட்டில் தெரிவது வெளியே மிதக்கும் மிச்சத்தின் அளவு மட்டுமே. அதனால் சீட்டில் 4 இருந்தது 3 ஆகிவிட்டால், உடல் மொத்தத்தில் 200 முதல் 400 மில்லிமோல் வரை தீர்ந்துபோயிருக்கலாம் என்று மருத்துவப் பாடநூல்கள் கணிக்கின்றன. நடுவில் 300 என்று எடுத்துக்கொள்வோம். எடையில் சொன்னால் சுமார் 11,700 மில்லிகிராம். பெரிய மோரிஸ் பழம் ஒன்றில் இருப்பது 420 மில்லிகிராம். சின்ன ஏலக்கியில் அதில் பாதிகூடத் தேறாது. ஆக, பள்ளத்தை நிரப்ப மட்டும் 28 மோரிஸ் பழம் வேண்டும். ஒரு பழத்துக்கு 100 கலோரி என்றாலும் 2,800 கலோரி. மாமிக்குச் சர்க்கரை நோயும் இருந்தால் என்ன ஆகும்?

அத்தனையையும் சாப்பிட்டாலும் எல்லாம் உடலில் தங்காது. இதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள வாழை விவசாயியைத் துணைக்கு அழைக்கலாம். பொட்டாசியத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் சாம்பல்சத்து. நேந்திரன் நீங்கலாகத் தோட்டக்கால் வாழைக்கு, மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து 35 கிராம், சாம்பல்சத்து 330 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்தச் சாம்பல்சத்துக்காக அவர் வைக்கும் 'பொட்டாஷ்' உரம் வேதியியலில் பொட்டாசியம் குளோரைடு. மருத்துவர் எழுதித் தரும் சிரப்பும் அதே உப்புதான், மருந்துத் தரத்தில் சுத்தமாகச் செய்தது. (உரத்தை வாயில் வைக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.) மரம் அந்தப் பொட்டாசியத்தை எடுத்துக்கொண்டாலும், பழத்தில் அது பெரும்பாலும் குளோரைடு துணையோடு வருவதில்லை; சிட்ரேட், பாஸ்பேட் போன்றவற்றோடு சேர்ந்து வருகிறது. வாந்தியாலோ, நீர் பிரிய வைக்கும் மாத்திரையாலோ பொட்டாசியம் இழந்தவருக்குக் குளோரைடும் கூடவே போயிருக்கும். அந்தக் குளோரைடு திரும்பி வராதவரை சிறுநீரகம் பொட்டாசியத்தை இறுக்கிப் பிடிக்காது. கணிசமான பங்கைச் சிறுநீரில் விட்டுவிடும். சிரப் 15 மில்லியில் 1.5 கிராம் உப்பு, அதாவது 20 மில்லிமோல் பொட்டாசியம். இரண்டு மோரிஸ் பழத்தின் அளவு, தேவையான துணையோடு. நாக்குக்குப் பிடிக்காத சுவைதான். நிறையத் தண்ணீரில் கலந்து சாப்பாட்டுக்குப் பின் குடித்தால் வயிற்றைப் புண்ணாக்காது.

"சரியா சாப்பிடலை, அதான் குறைஞ்சிருக்கு" என்பது அடுத்த பேச்சு. சாப்பாடு மட்டும் குறைந்து பொட்டாசியம் இவ்வளவு இறங்குவது அரிது. பெரும்பாலும் எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கும். ரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் ஃபுரோசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற 'யூரின் மாத்திரைகள்' முதல் சந்தேகம். பேதி, வாந்தி, தினமும் போடும் பேதி மாத்திரை ஆகியவை அடுத்து. ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் மிகுந்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1950-களில் விவரித்த இந்த நோயை, ரத்த அழுத்த மாத்திரை மூன்று போட்டும் அடங்காதவரிடம் தேடிப் பார்க்க வேண்டும். மக்னீசியம் குறைந்திருந்தாலோ எவ்வளவு பொட்டாசியம் ஊற்றினாலும் சிறுநீரகம் அதைத் தக்கவைக்காது. ஒழுகும் குடத்தில் ஓட்டையைப் பார்க்காமல் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற வேலை இது.

ஏகாதசி விரதம் இருக்கும் ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உணவு நின்ற நாளிலும் சிறுநீரில் பொட்டாசியம் போவது முழுதாக நிற்பதில்லை. யூரின் மாத்திரையும் போட்டுக்கொண்டால் அது இன்னும் கூடும். அன்றைக்கு மாத்திரையை எப்படிப் போடுவது என்று முந்தைய வாரமே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இனி மிகவும் ஆபத்தான நம்பிக்கை: "சோர்வா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்." குளுக்கோஸ் ஏறியதும் உடல் இன்சுலினைச் சுரக்கும். இன்சுலின் சர்க்கரையைச் செல்லுக்குள் தள்ளும்போது பொட்டாசியமும் உள்ளே போகும். ஏற்கெனவே 2.7-ல் நிற்பவருக்கு ரத்த அளவு மேலும் இறங்கி, இதயத் துடிப்பு தடுமாறலாம். தைராய்டு மிகையாகச் சுரக்கும் சில இளைஞர்கள், ராத்திரி வயிறு முட்டச் சோறும் இனிப்பும் சாப்பிட்டுவிட்டுப் படுத்து, விடிகாலையில் கால் அசையாமல் விழிப்பதற்குப் பின்னாலும் பொட்டாசியம் இப்படிச் செல்லுக்குள் போவதே இருக்கிறது. அவர்கள் உடலில் பொட்டாசியம் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதிகமாகக் கொடுத்தால் பிறகு எகிறிவிடும். நரம்பு வழியே பொட்டாசியம் ஏற்ற வேண்டியிருந்தால் சலைனில் கரைத்து, வார்டில் வழக்கமாக மணிக்கு 10 மில்லிமோல் வேகத்தில் ஏற்றுவார்கள். அதற்கு மேல் போனால் ஈ.சி.ஜி. கண்காணிப்பு வேண்டும். கரைக்காமல் நேரே ஏற்றினால் இதயமே நின்றுவிடும். தெருமுனைக் கிளினிக்கில் கேட்டு வாங்குகிற பாட்டில் அல்ல இது.

"இளநீர் இயற்கைதானே, யாருக்கு என்ன பண்ணப் போகுது?" பண்ணும். பெரிய டம்ளர் ஒன்றில் 600 மில்லிகிராமுக்குக் குறையாமல் பொட்டாசியம் இருக்கலாம். சிறுநீரகம் பழுதானவர், டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை போடுபவர் ஆகியோரின் உடல் பொட்டாசியத்தை வெளியேற்றத் திணறும். அளவு ஏறினாலும் இதயத்துக்குத்தான் அடி. 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டில் இருப்பதும் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடே. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விலக்கியே பரிந்துரைத்தது.

நாட்டு மருந்தால் கெடுதல் வராது என்பதற்கும் இங்கே மறுப்பு உண்டு. இருமலுக்கு அதிமதுரத் துண்டை நாலு நாள் வாயில் அடக்கிக்கொள்வது வேறு. மாதக்கணக்கில் கஷாயமாகக் குடித்தால், அதிலுள்ள கிளிசிரைசின் ஆல்டோஸ்டீரோன் மிகுந்ததுபோலவே உடலை நடந்துகொள்ள வைக்கும்: அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

அப்படியானால் உணவுக்கு வேலை இல்லையா? நிறைய இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3,500 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் தேவை. சிறுநீரகம் நன்றாக உள்ளவர் இதை எட்டினால், அளவு இறங்காமல் காக்கவும் ரத்த அழுத்தத்தைத் தணிக்கவும் உதவும். அதற்கும் வாழைப்பழம் ஒன்றே வழியில்லை. 100 கிராமுக்கு வாழைப்பழத்தில் 360 மில்லிகிராம் என்றால் வெந்த துவரம்பருப்பிலும் உருளைக்கிழங்கிலும் ஏறக்குறைய அதே அளவு; பசலைக்கீரையில் 500-க்கு மேல்; வெந்த வெள்ளைச் சோற்றில் 35-தான். தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டினாலே பெரிய மாற்றம் வரும். கீரை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் பொட்டாசியத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். சிறுநீரக நோயாளிக்கு அதுவே நன்மை, மற்றவர்களுக்கு நஷ்டம்.

அளவு 2.5-க்குக் கீழே போனாலோ, நெஞ்சு படபடத்தாலோ, கை கால் தளர்ந்து எழ முடியாவிட்டாலோ, இதய மருந்தான டிஜாக்சின் போடுபவராக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; திருச்சியில் புத்தூர் அரசு மருத்துவமனை இருக்கிறது, 108 இருக்கிறது. மற்றவர்கள் மருத்துவரைப் பார்க்கப் போகையில் பரிசோதனைச் சீட்டு ஒன்றை மட்டும் எடுத்துப் போகாமல், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்தையும், சமையலறை உப்புப் பாக்கெட்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போகட்டும். மக்னீசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்தாயிற்றா என்று அங்கே வாய்விட்டுக் கேட்கட்டும்.