ரோசா பார்க்ஸுக்குக் கால் வலிக்கவில்லை

தையல் வேலை செய்யும் ஒரு பெண். பகலெல்லாம் உழைத்துக் களைத்துப்போய்ப் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைக்காரர் ஒருவருக்கு இடம்விட்டு எழுந்திருக்கச் சொல்கிறார் ஓட்டுநர். கால் வலி, எழுந்திருக்கவில்லை. கைது செய்கிறார்கள். ஊர் கொதிக்கிறது, சட்டம் மாறுகிறது. அமெரிக்கக் குழந்தைகளுக்குப் படம் போட்டுப் பல காலம் சொல்லப்பட்ட கதை இது. நம்மில் பலருக்கு வந்து சேர்ந்ததும் இதுதான்.

இதில் பேருந்து உண்மை, கைது உண்மை. 1955 டிசம்பர் 1, அலபாமாவின் மான்ட்கோமரி நகரம் என்பதும் சரி. கால் வலியைத்தான் பிறகு யாரோ சேர்த்துவிட்டார்கள். அன்றைக்கு ரோசா பார்க்ஸுக்கு வயது 42. கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் செயலாளராக இருந்தவர். அந்த ஆண்டு கோடையில்தான் டென்னசியின் ஹைலேண்டர் பள்ளிக்குப் போய், இன ஒதுக்கலை எதிர்ப்பது பற்றிய பயிலரங்கில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். உடம்பில் அசதி இல்லை, விட்டுக்கொடுத்தே அலுத்துப்போயிருந்தேன் என்ற பொருளில் அவரே பிறகு எழுதியும் வைத்தார். எழுதி என்ன பயன்? பள்ளிப் புத்தகங்களில் களைப்பு அப்படியே தங்கிவிட்டது. கல்வியாளர் ஹெர்பர்ட் கோல் அந்தப் புத்தகங்களை வரிசையாக வைத்துப் பார்த்து, இந்தக் கதை எப்படிச் சமைக்கப்பட்டது என்று 1990களில் விரிவாக எழுதினார்.

களைப்பு ஏன் இவ்வளவு வசதியாக இருக்கிறது? அசதி யார் மீதும் குற்றம் சொல்லாது. கால் வலித்த பெண் மீது யாரும் இரக்கப்படலாம், அந்த இருக்கைச் சட்டத்தால் ஆதாயம் பெற்றவர்கள்கூட. ஆண்டுக்கணக்கில் கூட்டம் போட்டு, மனு எழுதி, ஆள் சேர்த்து, தருணம் பார்த்திருந்த ஒருத்தி என்று சொன்னால் அடுத்த பக்கத்திலேயே குழந்தை கேட்கும்: யாருக்கு எதிராக?

இந்தக் களைப்புக் கதைக்குள் மறைந்துபோனவர்களில் முதலாமவர் ஒரு பள்ளி மாணவி. ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பு, மார்ச் 2 அன்று, அதே ஊரில் இதேபோல் எழ மறுத்துக் கைதானவர் 15 வயது கிளாடெட் கால்வின். சின்ன வயது, ஏழ்மை, பிறகு மணமாகாமலே கருவுற்றது என்று பல காரணங்களால் தலைவர்கள் அவரை முன்னிறுத்தவில்லை. ஆனால் பேருந்து ஒதுக்கலை 1956இல் முறியடித்த வழக்கில் வாதிகளாக நின்ற நான்கு பெண்களில் அவரும் ஒருவர். இளையோருக்காக பிலிப் ஹூஸ் அவரது கதையை முழுப் புத்தகமாக எழுதியது 2009இல். இயக்கமும் தன் ஆட்களில் சிலரை ஓரங்கட்டும் என்பதை மறைக்காத புத்தகம் அது. அவ்வருடம் தேசியப் புத்தக விருது பெற்றது.

இரண்டாமவர் ஜோ ஆன் ராபின்சன், கல்லூரி ஆசிரியை. ரோசா கைதான இரவில், ஒரு சக ஆசிரியரையும் இரண்டு மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பேருந்தைப் புறக்கணிக்கச் சொல்லும் துண்டறிக்கையை விடிய விடிய உருட்டினார். தாள் மிச்சம் பிடிக்க ஒரே பக்கத்தில் மூன்று முறை அதே வாசகம், பிறகு வெட்டு. விடிந்ததும் பல்லாயிரம் துண்டுகள் ஊருக்குள் போய்விட்டன. ஸ்டென்சில் வெட்டிக் கையில் மை பூசிக்கொண்ட தமிழ்ச் சிற்றிதழ்க்காரர்களுக்கு அந்த இரவின் வாசனை தெரியும். 381 நாள் ஒரு நகரமே பேருந்தில் ஏறாமல் நடந்ததற்கு முதல் எழுத்து அந்த இயந்திரத்தில் விழுந்தது.

கறுப்புக் குழந்தைகளுக்கு இந்தக் கதைகள் தாமதமாகத்தான் வந்தன. கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் அந்தக் குழந்தைகளுக்கென்றே ‘பிரவுனீஸ் புக்’ என்ற மாத இதழை 1920இல் தொடங்கினார்; இரண்டே ஆண்டில் நின்றுபோனது. 1965இல் கல்வியாளர் நான்சி லாரிக் கணக்கெடுத்தபோது, 1962 முதல் 1964 வரை வெளியான 5,206 சிறுவர் நூல்களில் 349இல் மட்டுமே ஒரு கறுப்பு முகமாவது இருந்தது. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. முகமே இல்லாத இடத்தில் போராட்டம் எங்கிருந்து வரும்? முயல்களுக்கே அங்கு இடமில்லாத காலம் அது. கார்த் வில்லியம்ஸ் வரைந்த ஒரு படக்கதையில் கறுப்பு முயலும் வெள்ளை முயலும் கல்யாணம் செய்துகொள்கின்றன. அதற்கு 1959இல் அலபாமா அரசியல்வாதிகள் கொதித்தெழ, மாநில நூலகத்தில் புத்தகம் பொது அடுக்கிலிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டது. குழந்தைகள் முயலைப் பார்த்தார்கள். இனத்தைப் பார்த்தவர்கள் பெரியவர்கள்.

அந்தக் கொதிப்பு இன்னும் அடங்கவில்லை. 1960 நவம்பர் 14 அன்று, நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் மட்டுமே படித்த ஒரு தொடக்கப் பள்ளிக்குள் ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ் நுழைந்தாள், கூட்டாட்சிக் காவலர்கள் சூழ. வாசலில் வசைபாடும் கூட்டம். வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டதால் ஆண்டு முழுவதும் அவள் வகுப்பில் அவள் ஒருத்தி, ஆசிரியை பார்பரா ஹென்றி ஒருவர். அப்பாவுக்கு வேலை போனது. மிசிசிப்பியில் குத்தகைக்கு உழுத தாத்தா பாட்டியை நிலத்தைவிட்டு வெளியேற்றினார்கள். வளர்ந்தபின் ரூபியே இதைக் குழந்தைகளுக்காக எழுதினார். அந்த நூல்களில் ஒன்றை இரண்டாம் வகுப்பில் வைத்ததற்கு 2021இல் டென்னசியில் பெற்றோர் சிலர் முறையிட்டார்கள். கோபமான வெள்ளையர் கூட்டம் என்ற பேச்சு கடுமையாம். கடைசியில் மீட்சியும் இல்லையாம். அந்தக் கூட்டம் மன்னிப்புக் கேட்டுக் கலையவில்லை. நடக்காத மன்னிப்பை எழுதும் கடமை அந்தச் சிறுமிக்கு ஏன்? அந்தப் பெற்றோர் கேட்பதும் ஒரு கால் வலிதான்.

ஆகவே, நல்ல புத்தகத்துக்கு எங்களிடம் உள்ள உரைகல் எளியது. நாயகரை எவ்வளவு உயரமாக வரைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. வேலை தெரிகிறதா, விலை தெரிகிறதா என்று பார்க்கிறோம். 1957 இறுதியில் சமாதான அமைப்பு ஒன்று மான்ட்கோமரி போராட்டத்தைப் பதினாறு பக்கச் சித்திரக்கதையாக அச்சிட்டுப் பத்து சென்ட்டுக்கு விற்றது. வன்முறையில்லாமல் எதிர்ப்பது எப்படி என்ற செய்முறையும் அதில் இருந்தது. அதைப் படித்த இளைஞர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். சிறுவனாக ஊர் நூலகத்துக்குப் போனபோது வெள்ளையருக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான அவர், தன் கதையையும் ‘மார்ச்’ என்ற மூன்று பாகச் சித்திர நூலாகவே ஆண்ட்ரூ அய்டினோடு சேர்ந்து எழுதினார். நேட் பாவெல் வரைந்தார். மூன்றாம் பாகம் 2016இல் தேசியப் புத்தக விருது பெற்றது.

எங்களுக்குப் பிடித்த இன்னொரு நூலில் மேடையே இல்லை, அடுப்படி இருக்கிறது. டீ ரோமிட்டோ 2018இல் எழுதிய படக்கதை. நாயகி ஜார்ஜியா கில்மோர், மான்ட்கோமரியின் சமையற்காரப் பெண். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக வேலையை இழந்தவர். அவரும் தோழிகளும் கேக்கும் கோழி வறுவலும் செய்து விற்று, காசைப் போராட்டக் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நடக்க முடியாதவர்களை ஏற்றிச் சென்ற வண்டிகளுக்கு அதில் பெட்ரோல் போட்டார்கள். வெள்ளையர் வீடுகளில் வேலைபார்த்த அந்தப் பெண்களின் பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும். அதனால் தங்கள் குழுவுக்கு ‘எங்கிருந்தும் இல்லை’ என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் பொய் சொல்லாமல் பதில் சொல்லலாம்.

பாதிப் புத்தகங்கள் இன்னும் அந்தப் பதிலையே எழுதிக்கொண்டிருக்கின்றன. நீதி எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் இல்லை, ஒருநாள் ஒரு பெண்ணுக்குக் கால் வலித்தது, அவ்வளவுதான். அந்தப் பெண்கள் அப்படிச் சொன்னது காட்டிக்கொடுக்காமல் இருக்க. எழுதுகிறவருக்கு அந்தக் காரணம் இல்லை. எந்த அடுப்பு, எத்தனை கேக், யாருடைய வண்டி என்று அவர் சொல்லலாம். குழந்தைகள் இந்த மாதிரிக் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

- ஆசிரியர் குழு