பதவி போனாலும் சிகிச்சை தொடரட்டும்

ஓர் அணி தொடர்ந்து தோற்றால் பயிற்சியாளரை மாற்றுகிறார்கள். அதில் தவறில்லை, அது தெரிந்துதான் அவரும் அந்த வேலைக்கு வருகிறார். ஆனால் அணி மருத்துவர், உளவியல் ஆலோசகர், ஆண்டுக்கணக்கில் கூடவே பயணம் செய்த சகாக்கள் என அவருக்கு இருந்த துணையெல்லாம் பெரும்பாலும் அந்தப் பதவியைச் சார்ந்தவை. பதவி போகும் நாளில் அவையும் போய்விடுகின்றன. நீக்கப்பட்ட பயிற்சியாளரின் மனநலத்துக்கும் குறிப்பிட்ட காலம்வரை அணியை நடத்தும் வாரியமே பொறுப்பேற்க வேண்டும்.

கிரிக்கெட் வீரர் கிரஹாம் தோர்ப் இங்கிலாந்துக்காக 100 டெஸ்ட் ஆடி 6,744 ரன் எடுத்தவர். 2001-இல் கொழும்பில் அவர் ஆட்டமிழக்காமல் எடுத்த 113 ரன்னை இலங்கை ரசிகர்களே மறந்திருக்க மாட்டார்கள். பின்னாளில் இங்கிலாந்து அணிக்கே பேட்டிங் பயிற்சியாளரானார். ஆஸ்திரேலியாவுடனான 2021-22 ஆஷஸ் தொடரின்போது தலைமைப் பயிற்சியாளர் சில்வர்வுட் கரோனாவால் தனிமைப்படுத்தப்பட, சிட்னி டெஸ்ட்டில் அந்தப் பொறுப்பைத் தோர்ப் ஏற்றார். 4-0 என்று பறிகொடுத்த தொடரில் இங்கிலாந்து தோற்காத ஒரே ஆட்டம் அதுதான். ஹோபர்ட்டில் கடைசி டெஸ்ட் முடிந்த இரவு, இரு அணி வீரர்கள் சிலரும் ஹோட்டலில் விடிய விடியக் குடித்தார்கள். காவலர்கள் வந்து கலைந்துபோகச் சொன்னார்கள். அதைத் தோர்ப் எடுத்த காணொளி வெளியே கசிந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் சில்வர்வுட்டோடு அவருக்கும் வேலை போயிற்று.

2024 ஆகஸ்ட் 4 அன்று, 55 வயதில், தோர்ப் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். வேலை பறிபோனது அவரை உலுக்கிவிட்டது, சரிவு அங்கேதான் தொடங்கியது என்று அவர் மனைவி மரண விசாரணையில் சொன்னார். இப்படிப்பட்ட மரணத்துக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. வாரியத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நம் நோக்கமல்ல. மனச்சோர்வும் பதற்றமும் அவருக்கு முன்பே இருந்தன. ஏற்கெனவே நலிந்திருக்கும் ஒருவரை வேலையிலிருந்து அனுப்புவதற்கென்று ஒரு முறை வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

2021 ஜூலையில் இங்கிலாந்து வீரர் பென் ஸ்டோக்ஸ் மனநலத்துக்காகக் காலவரையின்றி விடுப்பு எடுத்தார். வாரியம் துணை நின்றது. அதே ஆஷஸ் தொடரில் அவர் ஆடினார். இதே விடுப்பை ஒரு பயிற்சியாளர், அதுவும் தோல்விகளுக்கு நடுவே, கேட்டுப் பார்க்கட்டும். திரும்பி வரும்போது நாற்காலியில் வேறொருவர் இருப்பார் என்ற அச்சமே அவர் வாயை அடைத்துவிடும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் மனநலப் பரிசோதனைப் படிவத்தில் மதுப் பழக்கம் பற்றிய கேள்விகள்கூட உண்டு. ஆனால் அது வீரர்களுக்கானது. பயிற்சியாளருக்கு அங்கே கிடைக்கும் வேடம் வீரரின் நோய்க்குறியைக் கண்டுபிடிக்கும் காவல்காரன்.

குடி விஷயத்தில் போலித்தனம் இன்னும் அப்பட்டம். வென்றால் ஷாம்பெயின், தோற்றால் ஆறுதலுக்குப் பீர், நடுவில் மதுபான நிறுவனத்தின் விளம்பரப் பணம். ஊற்றுவதெல்லாம் அணிக் கலாசாரம். ஒருவர் தள்ளாடினால் மட்டும் அவருடைய சொந்த ஒழுக்கக்கேடு! அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஸ்டீவ் சார்க்கீசியனைத் தெற்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2015 அக்டோபரில் குடிப் பிரச்சினையால் விடுப்பில் அனுப்பி, மறுநாளே வேலையை விட்டு நீக்கியது. அவர் சிகிச்சை பெற்றார். அடுத்த ஆண்டு அலபாமா பல்கலைக்கழகத் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் சிறிய பொறுப்பொன்றைக் கொடுத்தார். 2021-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத் தலைமைப் பயிற்சியாளரான சார்க்கீசியன், அணியைத் தேசிய பிளே-ஆஃப் சுற்றுவரை கொண்டுசென்றார். குடிநோயாளி தேற மாட்டார் என்பவர்கள் இதைக் கவனிக்கட்டும். ஆனால் ஒரு சேபனின் பெரிய மனதை நம்பி அத்தனை பயிற்சியாளர்களையும் விட்டுவிட முடியாது.

2025 ஆகஸ்ட் 1, தோர்ப்பின் பிறந்தநாளில், ஓவல் மைதானம் அவர் பாணியில் நெற்றிப்பட்டை அணிந்து மனநல அமைப்புக்கு நிதி திரட்டியது. நல்ல காரியம். அந்த அக்கறை ஒப்பந்தத் தாளிலும் ஏற வேண்டும். நீக்கிய பின் குறைந்தது ஓராண்டுக்குச் சிகிச்சைச் செலவு. வாரியத்துக்கு அறிக்கை அனுப்பக் கடமைப்படாத தனி மருத்துவர். வேலை போகாது என்ற உறுதியோடு மனநல, குடிமீட்பு விடுப்பு. நீக்கப்பட்டவருக்கு நஷ்டஈடாக எத்தனை மாதச் சம்பளம் என்று பைசா சுத்தமாக எழுதத் தெரிந்த வாரிய வழக்கறிஞர்களுக்கு இந்த மூன்று வரிகளை எழுதுவது பெரிய வேலையல்ல.