குடோன் யாருக்கு? பெட்டிக்கா, ஆளுக்கா?

சாயங்காலம் டி.பி. ரோட்டுல பத்து நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. முதுகுல பெரிய பையோட எத்தனை டெலிவரி வண்டி போகுதுன்னு எண்ணி முடியாது. ஆர்.எஸ்.புரத்துக்காரங்களுக்கு இதெல்லாம் பழகிப் போச்சு. முந்தாநாள் கேட்ட செருப்பு இன்னைக்கு வாசல்ல. நல்ல விஷயம்தான், நானும் வாங்கறேன். ஆனா அந்தச் செருப்பைத் தேடி எடுத்துப் பெட்டியில போட்டவர் எந்தச் சூட்டுல நின்னு போட்டார்னு நாம யோசிச்சதுண்டா?

நீலாம்பூர், சூலூர் பக்கம் பஸ்ல போறப்ப பார்த்திருப்பீங்க. ஜன்னலே இல்லாத, கப்பல் சைஸ் தகர ஷெட்டுகள். இது திடீர்னு முளைச்சதுக்குக் காரணம் இருக்கு. 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வர்றதுக்கு முன்னாடி, மாநிலம் தாண்டி வித்தா மத்திய விற்பனை வரி. அதைத் தவிர்க்கவே கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு சின்ன குடோன் வச்சிருந்தாங்க. அந்தத் தேவை போனதும், நாலு சின்ன குடோனுக்குப் பதிலா ஒரே பெரிய குடோன். அதே வருஷம் நவம்பர்ல இந்தத் துறைக்கு உள்கட்டமைப்பு அந்தஸ்தும் கிடைச்சது. கடன் வாங்கறது சுலபமாச்சு.

இப்ப எல்லாரும் கேக்கறது 'ஏ கிரேடு' குடோன். ஆலையிலேயே செஞ்சு கொண்டுவந்து போல்ட் போட்டு மாட்டற இரும்புச் சட்டம். 10 முதல் 12 மீட்டர் உள் உயரம். சதுர மீட்டருக்கு 5 டன் தாங்கற தரை. லாரியோட தட்டு மட்டத்துக்கு ஏறி இறங்கற மேடை. தீப்பிடிச்சா தானே தண்ணி தெளிக்கற குழாய். தரை எவ்வளவு சமமா இருக்கணும்ங்கறதுக்குக்கூட ஒரு தர எண் உண்டு. ஏன்னா கீழ நூல் அளவு சாஞ்சா, மேல சரக்கு தூக்கற வண்டி ரேக்குல போய் முட்டும்.

எல்லாம் பிரமாதம். என் சண்டை ஒண்ணே ஒண்ணுதான். தரைக்கு எண் இருக்கு, உயரத்துக்கு எண் இருக்கு, லாரிக்கு எண் இருக்கு. ஆள் நிக்கற இடத்துல எத்தனை டிகிரி தாண்டக்கூடாதுன்னு நான் பார்த்த விளம்பரக் குறிப்பு எதுலயும் ஒரு எண் இல்லை!

இதுல இன்னொரு கொடுமை. உயரம் வீணாகுதேன்னு நடுவுல இரும்புப் பரண் போட்டு, அதுமேல ஆளை நிக்கவச்சு சாமான் பொறுக்கச் சொல்றாங்க. சூடான காத்து மேல ஏறும்னு ஆறாம் கிளாஸ்லயே படிச்சிருக்கோம். வெயில்ல காயற தகரத்துக்குப் பக்கத்துலயே ஆளைக் கொண்டுபோய் நிறுத்தறது என்ன டிசைன் சாமி?

"பொருளுக்கு ஏத்தபடிதானே கட்ட முடியும்"னு வகுப்புல ஒருத்தர் சொன்னார். சரி, பொருளையே எடுத்துக்கலாம். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க, 30 டிகிரிக்குக் கீழ வைக்கவும்னு போட்டிருக்கும். அதனால மருந்து குடோனுக்கு மட்டும் வெப்பம் தடுக்கற கூரை, ஏசி எல்லாம் வந்துடுது. அதாவது எப்படிக் கட்டறதுன்னு தெரியும், செலவும் செய்ய முடியும். ஆளோட நெத்தியில எழுதி ஒட்டலை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இது கோயமுத்தூர். 1888ல ஸ்டேன்ஸ் மில் வந்த ஊர். பைக்காரா மின்சாரம் வந்ததும் 1930கள்ல மில்லா முளைச்ச ஊர். பழைய மில்களோட ரம்பப்பல் கூரை ஞாபகம் இருக்கா? வடக்குப் பார்த்த கண்ணாடி. நேர் வெயில் அதிகம் படாம வெளிச்சம் மட்டும் உள்ள வரும். மில்லுக்குள்ள சொர்க்கம் இருந்துதுன்னு சொல்ல வரலை. நூல் அறுந்துடக் கூடாதுன்னு ஈரப் புழுக்கம், போதாததுக்கு பஞ்சுத் தூசி. அங்கயும் முதல் மரியாதை நூலுக்குத்தான். ஆனா கூரைங்கறது வெறும் மூடி இல்லைன்னு அந்தக் காலத்து ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடி மாசம் காத்து சும்மா அடிக்கற ஊர்ல, நாலு பக்கமும் தகரத்தை அடைச்சுட்டு உள்ள ஃபேன் மாட்டறோம்.

சட்டம்? 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட 13ஆம் பிரிவு, சுவரும் கூரையும் வெப்பம் முடிஞ்சவரை குறையற மாதிரி அமையணும்னு சொன்னது. ஆனா அது தொழிற்சாலைக்கு. வெறும் குடோன் தொழிற்சாலையாங்கறதே ஒரு வழக்கு. அந்தச் சட்டத்துக்குப் பதிலா வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கு. பத்துப் பேர் வேலை செய்யற குடோனும் இதுக்குள்ள வரும். காற்றோட்டம், வெப்பநிலை பத்தி விதி போட அரசுக்கு அதிகாரமும் இருக்கு. அந்த விதியில குடோன் கூரையைப் பேர் சொல்லி எழுதணும்ங்கறதுதான் என் கோரிக்கை.

விதி கடுமையானா கம்பெனி ஓடிப்போயிடும்னு பயமுறுத்துவாங்க. எங்க ஓடும்? செருப்பு கேக்கறவன் கோயமுத்தூர்லதானே இருக்கான்? தெலங்கானா 2023லயே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்து வணிகக் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கியாச்சு. நாமளும் சும்மா இல்லை. ஜவுளிக்கடையில நாள் முழுக்க நிக்கறவங்களுக்கு நாற்காலி கொடுக்கணும்னு 2021ல சட்டம் திருத்தினோம். 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சோம். ரோட்டுல பேரிடரா இருக்கற வெயில், தகரத்துக்குக் கீழ மட்டும் என்ன தென்றலா?

அதே 2024 ஜூன்ல ஹரியானா மானேசர் அமேசான் குடோன்ல, லாரிச் சரக்கு இறக்கி முடிக்கற வரைக்கும் தண்ணி குடிக்க, பாத்ரூம் போக ஒதுங்க மாட்டோம்னு உறுதிமொழி எடுக்க வச்சாங்கன்னு செய்தி வந்து, தேசிய மனித உரிமை ஆணையம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பினது. அந்த நிலைமை இங்க வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்கப் போறோமா?

நான் கேக்கறது ஏசி இல்லைங்க. கூரைக்கு அடியில வெப்பம் தடுக்கற ஒரு அடுக்கு, மேல வெள்ளைப் பூச்சு. உச்சியில சூடு வெளிய போக வழி, சுவரோட அடியில காத்து உள்ள வர வழி. பரண்மேல ஆள் நிக்கற மட்டத்துல ஒரு வெப்பமானி. குறிச்ச அளவைத் தாண்டினா மேல வேலை நிக்கணும். இதுல எது ராக்கெட் விஞ்ஞானம்?

சிவில் படிக்கற நண்பர்களுக்கு ஒண்ணு. குடோனுக்கு குறுக்குவெட்டுப் படம் போடறப்ப ரேக் வரையறோம், லாரி வரையறோம். அடுத்த தடவை பரண்மேல ஒரு ஆளையும் வரைங்க. அவருக்கும் கூரைக்கும் நடுவுல எத்தனை அடின்னு அளந்து எழுதுங்க. எழுதினப்புறம் அந்தக் கூரையை அப்படியே விட நமக்கு மனசு வராது.