வீங்கிய காலோடு ரயிலேற்றினோம்

மூன்று மாதங்களுக்கு முன் தாராவியிலிருந்து ஊருக்குப் புறப்பட்ட ஒரு சகோதரி ஊர் போய்ச் சேரவில்லை. சிசேரியன் ஆகிப் பதினாறாம் நாள். ஆந்திர எல்லைக்குள் வண்டி போய்க்கொண்டிருக்கையில் மூச்சு முட்டுகிறது என்றிருக்கிறார். அடுத்த ஸ்டேஷனில் இறக்குவதற்குள் உயிர் போய்விட்டது. மடியில் பச்சைக் குழந்தை.

தாய்மார்களே, தோழர்களே! அந்த டிக்கெட்டை உறுதி செய்து கொடுத்தவர்கள் நாம்தான். "அண்ணாச்சி, எப்படியாவது ரெண்டு பெர்த் வாங்கிக் குடுங்க. ஊர்ல அவ அம்மா பாத்துக்கிடுவா" என்று கணவர் வந்து நின்றார். அவசர ஒதுக்கீட்டுக்கு மனு எழுதினோம், கிடைத்தது. சங்கம் செய்த நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டோம். அந்தப் பெண்ணின் இடது கால் மட்டும் தொடை வரை வீங்கியிருந்ததையும் நாம் பார்த்தோம். பிள்ளை பெற்றவளுக்குக் கால் வீங்காதா என்று விட்டுவிட்டோம். அவருடைய மாமியார் நாலு நாளாக நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து உருவிவிட்டிருக்கிறார். அந்த அம்மாளைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

காலின் ஆழ்ந்த ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்னது. பிறகுதான் டாக்டர்களிடம் போய் விவரம் கேட்டோம்.

கர்ப்ப காலத்தில் பெண்ணின் ரத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறையும். பிரசவத்தில் ரத்தம் கொட்டி உயிர் போகாமலிருக்க இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு அது. கருப்பை பெருத்து, காலிலிருந்து ரத்தம் மேலேறும் குழாய்களை அழுத்துகிறது. இடது காலுக்குரிய குழாயின்மேல் வலது பக்கத்துத் தமனி குறுக்கே செல்வதால் இடது காலில்தான் அதிகம் கட்டுகிறது. சிசேரியனும் அசையாமல் படுத்திருப்பதும் உடம்பில் தண்ணீர் வற்றுவதும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. குழந்தை பிறந்த பின்வரும் ஆறு வாரங்கள்தான் மிக மோசமான காலம். நம் வீடுகளில் அந்த நாட்களில் என்ன செய்கிறோம்? வயிறு பெருத்துவிடும் என்று தண்ணீரைக் குறைக்கிறோம், எழுந்து நடந்தால் திட்டுகிறோம். போதாததற்கு ஒன்றரை நாள் ரயிலில் காலை மடக்கி உட்கார வைக்கிறோம். வழியில் கக்கூஸ் போக அஞ்சி அவள் தண்ணீரே குடிப்பதில்லை. பத்தியச் சோறு, ஓய்வு, தாய்வீட்டு ஆதரவு எல்லாம் வேண்டியவைதான். நாம் அவற்றைக் கேலி செய்யவில்லை. ஆனால் தண்ணீரையும் நடையையும் தடுப்பது அவளைக் காப்பாற்றாது.

இது அரிதான நோய் என்று ஒரு டாக்டர் சமாதானம் சொன்னார். ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வருமாம். சந்துக்குச் சந்து தொட்டில் ஆடும் தாராவியில் இதை அரிது என்று எப்படித் தள்ளுவது? இன்னொரு விஷயம். சிசேரியன் ஆன பத்தாம் நாளே அந்தப் பெண் ஒரு ஆஸ்பத்திரியின் புறநோயாளி வரிசையில் நின்றிருக்கிறார். "கால் கடுக்குது, கல்லா இருக்கு" என்று தமிழில் சொன்னார். அங்கே இருந்தவர்களுக்கு அது புரியவில்லை. வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் பார்த்திருந்தால் போதும். டாப்ளர் ஸ்கேன் எடுத்து, ஹெப்பாரின் ஊசி போட்டிருக்கலாம். அது 1916ல் கண்டுபிடித்த பழைய மருந்து. அதைப் போட்டுக்கொண்டே குழந்தைக்குப் பால் கொடுக்கலாம்.

நம்மைப் போன்ற நிரந்தர ரயில்வே ஊழியர் குடும்பத்துக்கு ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு. அதே பிளாட்பாரத்தைக் கூட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவிக்கு இல்லை. கணவரின் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்று பிடித்தார்கள், அட்டை மட்டும் கைக்கு வரவேயில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவம், மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம் என்று மத்திய அரசு 2011ல் திட்டம் போட்டது. பிரசவத்துக்குப் பின்வரும் சிக்கல்களையும் 2014ல் அதில் சேர்த்தார்கள். இதைத் தமிழில் எழுதி நம் சந்துகளில் யார் ஒட்டினார்கள்? நாமும் ஒட்டவில்லை. ரேஷன் கார்டு மனுக்களோடு சங்கத்தின் வேலை முடிந்ததாக இருந்துவிட்டோம்.

ஆகவே இனி ஒவ்வொரு வீட்டிலும் இதைக் கவனியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் வலித்தால் தேய்க்காதீர்கள், உருவாதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ இருமலில் ரத்தம் வந்தாலோ நிமிடம் தாமதிக்காமல் 108க்குச் சொல்லுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு விடாத தலைவலியும் வலிப்பும் வந்தால் காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடிக்கிறோமே, அது மூளையின் ரத்தக்குழாயில் கட்டிய கட்டியாகவும் இருக்கலாம், ரத்த அழுத்தமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு.

பிள்ளை பெற்றவளை ஊருக்கு அனுப்ப டிக்கெட் கேட்டு வருபவர்களிடம், பிரசவம் ஆகி எத்தனை நாள், கால் எப்படி இருக்கிறது, டாக்டர் பார்த்தாரா என்று கேட்ட பிறகே இனி மனு எழுதுவோம். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். மராட்டி பேசத் தெரிந்த நம் மகளிர் பிரிவுச் சகோதரிகள் இருவர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சம்மதித்திருக்கிறார்கள். மாலை ஏழு மணிக்கு மேல் சங்க அலுவலகத்தில் இருப்பார்கள். இரவில் தேவைப்பட்டால் நம் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.